தவணையில் குறைந்தது 5 ரூபாய், காலத்தில் 4 வருடம்

2025 பொங்கலுக்கு விழுப்புரத்தில் எல்லோரும் கூடியிருந்தோம். சாப்பாடு முடிந்ததும் சித்தி மகன் என்னைத் திண்ணைப் பக்கம் தனியாக அழைத்துப் போய்த் தன் போனைக் காட்டினான். அவனுடைய வீட்டுக்கடன் கணக்கு அதில் திறந்திருந்தது.

"அண்ணா, 77 தவணை கட்டிட்டேன். இன்னும் 215 மாசம்னு காட்டுது. நான் எடுத்ததே 240 மாசம்தானே?"

240-இல் 77 போனால் 163. ஆப்பில் ஏதோ கோளாறு என்று அவன் நினைத்திருந்தான். நான் ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவன். அது கோளாறு இல்லை என்று பார்த்த உடனே தெரிந்தது. அன்று தொடங்கி அந்தக் கடனை வேறு வங்கிக்கு மாற்றி முடிக்க ஆகஸ்ட் வரை ஆனது. அந்த எட்டு மாதக் கதையைத்தான் கணக்கோடு இங்கே எழுதுகிறேன். தம்பியின் பெயரையும் கடன் கொடுத்தவர்களின் பெயர்களையும் விட்டுவிடுகிறேன்.

வழுக்கியது எங்கே

கூடுவாஞ்சேரியில் இரண்டு படுக்கையறை பிளாட், விலை 48 லட்சம். 2018 ஆகஸ்டில் ஒரு தனியார் வீட்டுக்கடன் நிறுவனத்தில் 36 லட்சம் கடன் எடுத்தான். 20 வருடம், மாறும் வட்டி, ஆரம்பத்தில் 8.75 சதவீதம், தவணை 31,814 ரூபாய். பில்டரே அந்த நிறுவனத்தைக் காட்டினார். அவர்களும் பத்து நாளில் கடனைக் கொடுத்துவிட்டார்கள். வேறெங்கும் விசாரிக்க இவனுக்குத் தோன்றவில்லை.

2018 ஆகஸ்ட் 1-ஆம் தேதி ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை, அதாவது வங்கிகளுக்குத் தான் கொடுக்கும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, 6.50 சதவீதமாக உயர்த்தியிருந்தது. அப்போது தம்பியின் வட்டி 8.75. ஏறி இறங்கி, 2023 பிப்ரவரி 8-ஆம் தேதி ரெப்போ மறுபடி அதே 6.50-க்கு வந்து நின்றது. அன்று தம்பியின் வட்டி 10.35. ரெப்போ புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது, இவன் வட்டி மட்டும் 1.60 சதவீதம் மேலே நிற்கிறது.

நடுவில் நடந்தது இதுதான். 2020 மே மாதத்துக்குள் ரெப்போ 4.00 வரை இறங்கியது, அதாவது இரண்டரை சதவீதம். தம்பிக்குக் கிடைத்த குறைப்பு 0.65. அவனுக்கு 8.10 ஆனதே 2021 ஜனவரியில்தான். பிறகு 2022 மே 4-ஆம் தேதி ரெப்போ ஏறத் தொடங்கி, அந்த வருடக் கடைசிக்குள் 2.25 ஏறியது. இந்த முறை நிறுவனம் கஞ்சத்தனம் காட்டவில்லை. 2.25-ஐயும் அப்படியே அவன் தலையில் ஏற்றிவிட்டது.

இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் ரெப்போ போன்ற வெளி அளவுகோல் ஒன்றோடு இணைந்திருக்க வேண்டும், மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டி மாற்றியமைக்கப்பட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி விதித்தது. ஆனால் அது வங்கிகளுக்கான விதி. வீட்டுக்கடன் நிறுவனங்கள் தாங்களே நிர்ணயிக்கும் ஓர் அடிப்படை வட்டியை வைத்து நடத்தலாம். அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் உண்டு. அவர்கள் பணம் திரட்டுவது கடன் பத்திரங்களிலும் வங்கிக் கடனிலும். ரெப்போ இறங்கிய மறுநாளே அவர்களுடைய செலவு இறங்கிவிடாது. சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் 2021-இல் புதுக் கடன்கள் 7 சதவீதத்துக்கும் கீழே விளம்பரமாயின. புதிதாக வருகிறவருக்கு அடிப்படை வட்டியின் மேல் வைக்கும் கூட்டலைக் குறைத்துக் கொடுப்பார்கள், பழையவருக்கு அந்தக் கூட்டல் கடன் எடுத்த நாளில் நின்றபடியே நிற்கும். பழைய வாடிக்கையாளருக்கு இதை யாரும் போன் போட்டுச் சொல்வதில்லை.

வட்டி ஏறியபோது தவணை ஏறவில்லை. அதனால்தான் தம்பிக்கு வலிக்கவே இல்லை. நிறுவனம் தவணையை 31,814-இலேயே நிறுத்திவிட்டு மாதங்களை நீட்டியது. 2023 ஜனவரியில் 52 தவணை கட்டி முடித்திருந்தான். அந்த மாதம் 10.35 சதவீதத்தில் மீதமிருந்த காலத்தைக் கணக்குப் போட்டுப் பார்த்தால் சரியாக 240 மாதம் வருகிறது. நான்கு வருடம் நான்கு மாதம் கட்டிய பிறகு, முதல் நாள் நின்ற இடத்திலேயே நிற்கிறான். அந்த மாதத் தவணையில் 27,765 ரூபாய் வட்டிக்குப் போனது. அசலில் கழிந்தது 4,049.

வட்டியை மாற்றும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா என்று வாடிக்கையாளரிடம் கேட்க வேண்டும் என 2023 ஆகஸ்ட் 18-ஆம் தேதி ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. அந்த வருடம் டிசம்பர் முடிவதற்குள் எல்லாக் கடன் நிறுவனங்களும் நடைமுறைக்குக் கொண்டுவர வேண்டும். தம்பிக்கும் குறுஞ்செய்தி வந்திருக்கிறது. பிறகு தேடிப் பார்த்தோம். ஒரு துணிக்கடைத் தள்ளுபடிக்கும் கேஸ் புக்கிங்குக்கும் நடுவில் படிக்கப்படாமல் கிடந்தது.

பிப்ரவரி: "சார், எலிஜிபிலிட்டி வரல"

2025 பிப்ரவரி 7-ஆம் தேதி ரெப்போ 6.25 ஆனது. ஏறக்குறைய ஐந்து வருடத்தில் முதல் இறக்கம். தம்பி அந்த வாரமே தன் சம்பளக் கணக்கு இருக்கும் பொதுத்துறை வங்கிக் கிளைக்குப் போய்க் கடன் மாற்றத்துக்கு எழுதிக் கொடுத்தான். ஒன்பதாவது நாள் பதில் வந்தது. தகுதி போதவில்லை.

அவனுக்கு வந்த கோபம் எனக்குப் புரிந்தது. ஆறரை வருடமாக ஒரு தவணை கூடத் தவறவில்லை. மாதம் 31,814 கட்டிக்கொண்டிருக்கிற ஆளிடம், அதைவிடக் குறைவான தவணையைக் கட்ட உனக்கு வசதி இல்லை என்றால்? ஆனால் புது வங்கிக்கு அவன் புது ஆள். பழைய இடத்தில் கட்டிய ஒழுங்கு ஒரு வரி மட்டுமே. மற்றதெல்லாம் முதலிலிருந்து பார்ப்பார்கள். 2018-இல் கடன் கிடைத்தபோது இருந்த குடும்பமும் 2025-இல் இருந்த குடும்பமும் ஒன்றல்ல.

வங்கியின் கணக்கு இப்படிப் போனது. தம்பி ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டில் இருக்கிறான். கைக்கு வரும் சம்பளம் 62,000. 2018-இல் மனைவியின் ஐ.டி. சம்பளமும் சேர்ந்திருந்தது. குழந்தை பிறந்த பிறகு 2021-இல் அவள் வேலையை விட்டுவிட்டாள். இந்த வங்கி எல்லாத் தவணைகளும் சேர்ந்து வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்று வைத்திருந்தது, அதாவது 31,000. அதில் கார் கடன் தவணை 9,800 கழியும். கிரெடிட் கார்டில் 1,12,000 பாக்கி. அதில் 5 சதவீதத்தை மாதக் கடமையாக எடுத்துக்கொள்வார்கள், 5,600. மிச்சம் 15,600. முப்பத்தொரு லட்சத்துச் சொச்சக் கடனை அந்தத் தவணையில் எத்தனை வருடம் நீட்டினாலும் அடைக்க முடியாது. வட்டிக்கே காணாது.

போதாததற்கு சிபில் ஸ்கோர், அதாவது கடனை ஒழுங்காகக் கட்டுகிறவரா என்று காட்டும் மதிப்பெண், 698. தவணை தவறாதவனுக்கு ஏன் 698 என்று அறிக்கையை எடுத்துப் பார்த்தோம். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் ஆகிய நான்கு கடன் தகவல் நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முழு அறிக்கை இலவசமாகத் தந்தாக வேண்டும், காசு கட்ட வேண்டியதில்லை. அறிக்கையில் இரண்டு விஷயம் தெரிந்தது. ஒன்று, 1,20,000 வரம்புள்ள கார்டில் 1,12,000 எடுத்து மாதா மாதம் குறைந்தபட்சத் தொகையை மட்டும் கட்டிக்கொண்டிருந்தான். இன்னொன்று, மச்சானின் பைக் கடனுக்கு இவன் ஜாமீன் கையெழுத்துப் போட்டிருக்கிறான். மச்சான் இரண்டு தவணை விட்டிருக்கிறான். ஜாமீன்தாரர் அறிக்கையிலும் அது ஏறும் என்று இவனுக்கும் தெரியாது, மச்சானுக்கும் தெரியாது. அன்று சாயந்திரம் அந்த வீட்டில் நடந்த பேச்சு இந்த ஆய்வுக்குத் தேவையில்லை.

வட்டி இறங்கும்போதெல்லாம் கடனை மாற்றுங்கள் என்று சொல்கிறவர்கள் இந்தப் பாதியைச் சொல்வதில்லை. அதிக வட்டியில் மாட்டி மூச்சுத் திணறுகிறவர்தான் கார்டைத் தேய்த்திருப்பார், கார் கடனும் வைத்திருப்பார், குடும்பத்தில் ஒரு சம்பளம் நின்றிருக்கும். மாற்றம் யாருக்கு அதிகம் தேவையோ அவருக்குத்தான் அது கிடைப்பதும் கஷ்டம். வசதியாக இருக்கிறவருக்கு வங்கிக்காரர் வீட்டுக்கே வருகிறார்.

மார்ச் முதல் ஜூன் வரை

வட்டி இன்னும் இறங்கும் போலிருந்தது. அதற்குள் இவனைத் தகுதியான ஆளாக ஆக்கிவிட வேண்டும் என்று முடிவு செய்தோம்.

கார் கடனில் 1,86,000 பாக்கி. நகையை அடகு வைத்து அதை அடைக்கலாம் என்று சொன்னது நான்தான். சொல்லி இரண்டு நாள் கழித்துத்தான் உறைத்தது, நகைக்கடனும் அதே அறிக்கையில் வரும், அதற்கும் ஒரு கடமையை வங்கி கழிக்கும். ஒரு குழியை மூட இன்னொன்றைத் தோண்டப் பார்த்தேன். கடைசியில் தம்பியின் மனைவிதான் வழி சொன்னாள். அவள் கட்டிவந்த இரண்டு லட்ச ரூபாய் ஏலச்சீட்டு முடிகிற நேரம். மகளின் பெயரில் போட நினைத்த பணம் அது. அதில் கார் கடன் முடிந்தது. முன்கூட்டி முடிக்க 5 சதவீதக் கட்டணமும் அதற்கு ஜி.எஸ்.டி.யும் பிடித்தார்கள். தனிநபர் எடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு 2012 முதல் வங்கிகள் அந்தக் கட்டணம் வாங்கக் கூடாது. வீட்டுக்கடன் நிறுவனங்களுக்கு அதற்கு முந்தைய வருடமே அந்தத் தடை வந்துவிட்டது. நிலையான வட்டிக் கார் கடனுக்கு அந்தச் சலுகை இல்லை.

ஏப்ரலில் வந்த போனஸ் கார்டுக்குப் போனது. மச்சானின் இரண்டு தவணையையும் தம்பியே கட்டினான். திரும்பக் கேட்டானா என்று நான் விசாரிக்கவில்லை.

அப்புறம் அவளுடைய சம்பளம். 2024 ஜூனிலிருந்து வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பள்ளியில் பாடம் எடுக்கிறாள், மாதம் 15,000. கையில் கவரில் கொடுத்துவிடுவார்கள். அதனால் வங்கியின் கண்ணுக்கு அந்த 15,000 இல்லவே இல்லை. எப்படியாவது சம்பளத்தைக் கணக்கில் போடச் சொல் என்று பொங்கலன்றே சொல்லியிருந்தேன். அவள் தலைமையாசிரியையிடம் கேட்டு, சம்பளச் சீட்டும் வாங்க ஆரம்பித்தாள். ஜனவரி முதல் ஜூன் வரை ஆறு வரவு. இணை விண்ணப்பதாரராக அவள் பெயரும் சேர்ந்தது. இந்த மொத்த வேலையிலும் பெரிய திருப்பம் அதுதான் என்பது பிறகு தெரிந்தது.

2025 ஜனவரியிலிருந்து கடன் தகவல்கள் மாதத்துக்கு ஒரு முறை என்றில்லாமல் பதினைந்து நாளுக்கு ஒரு முறை அறிக்கையில் ஏற வேண்டும் என்று விதி மாறியிருந்தது. அதுவும் உதவியது. ஜூன் நடுவில் ஸ்கோர் 756. இதற்குள் ரெப்போ ஏப்ரல் 9-ஆம் தேதி 6.00, ஜூன் 6-ஆம் தேதி ஒரே தாவலில் 5.50. பழைய நிறுவனம் இந்த மொத்த ஒரு சதவீத இறக்கத்தில் தம்பிக்குக் கொடுத்தது கால் சதவீதம். மே மாதம் முதல் 10.10.

எத்தனை மாதம் என்பதுதான் சண்டை

இரண்டாவது விண்ணப்பம் ஜூன் மூன்றாம் வாரம், அதே கிளையில். குடும்ப வருமானம் இப்போது 77,000, பாதி 38,500, வேறு கடன் எதுவும் இல்லை. ஜூலைத் தவணைக்குப் பிறகு பாக்கி 30,74,000 என்று வந்தது. 83 தவணையில் 26,40,562 ரூபாய் கட்டி, அசலில் கழிந்தது 5,26,000 தான்.

அந்த வங்கி ஸ்கோரைப் படிக்கட்டாக வைத்திருந்தது. 800-க்கு மேல் 7.50, 750-க்கு மேல் 7.75, 700-க்கு மேல் 8.15, அதற்குக் கீழே 8.75. தம்பிக்கு 7.75 கிடைத்தது, அதாவது ரெப்போவுக்கு மேல் 2.25. வேலியை ஆறு புள்ளியில் தாண்டியிருக்கிறான். தாண்டாமல் 8.15-இல் நின்றிருந்தால் முதல் வருடத்திலேயே 12,000 ரூபாய்க்கு மேல் கூடுதல் வட்டி.

கடன் அதிகாரி நல்ல மனிதர். ஒரு தாளில் எழுதிக் காட்டினார். தம்பிக்கு வயது 41, 60 வரை 19 வருடம் தரலாம். 228 மாதம், தவணை 25,798. மாதம் ஆறாயிரம் மிச்சம். தம்பியின் முகம் மலர்ந்துவிட்டது. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் கையெழுத்துப் போடுகிறார்கள்.

நான் அந்தத் தாளின் பின்பக்கம் எழுதினேன். எதையும் மாற்றாமல் பழைய இடத்திலேயே 10.10-இல் இருந்தால் இன்னும் 200 மாதம், கட்ட வேண்டியது சுமார் 63.7 லட்சம். அதிகாரி சொன்ன 228 மாதத்துக்கு மொத்தம் 58.8 லட்சம். வட்டி 2.35 சதவீதம் குறைந்தும் மிச்சம் ஐந்து லட்சத்துக்குள். அதோடு கடன் இரண்டேகால் வருடம் நீள்கிறது. இப்போது கட்டும் தொகையையே கட்டினால்? 152 மாதத்தில் முடிகிறது. தவணை 31,809, மொத்தம் 48.3 லட்சம். மிச்சம் 15 லட்சத்துக்கு மேல்.

"அப்போ எனக்கு மாசம் அஞ்சு ரூபாதான் குறையுதா அண்ணா?"

ஆமாம், ஐந்து ரூபாய்தான். அவனுக்கு அது ஜீரணமாகவில்லை. இத்தனை மாதம் அலைந்து, கார் கடனை முடித்து, சீட்டுப் பணத்தைக் கொடுத்து, ஐந்து ரூபாயா? அன்று இரவு அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். "மாமா, 152 மாசம்னா பாப்பா காலேஜ் போறதுக்குள்ள முடிஞ்சிடுமில்ல?" மகளுக்கு அப்போது நான்கரை வயது. 12 வருடம் 8 மாதம். முடிந்துவிடும். மறுநாள் அவள்தான் வங்கிக்குப் போய் 152 என்று எழுதச் சொன்னாள்.

அவளுடைய 15,000 இல்லையென்றால் இந்தத் தேர்வே இருந்திருக்காது. தம்பியின் சம்பளத்தில் மட்டும் பாதி 31,000. தவணை 31,809. வெறும் 809 ரூபாயில் வங்கி அவனை நீண்ட காலத்துக்குத் தள்ளியிருக்கும்.

காலத்தை நீட்டுவதே தப்பு என்று நான் சொல்ல வரவில்லை. வேலை ஆட்டம் கண்டிருக்கிறது, வீட்டில் தொடர் மருத்துவச் செலவு இருக்கிறது என்றால் 25,798 தான் சரி. பிறகு கையில் பணம் வரும்போது முன்கூட்டிக் கட்டலாம், அதற்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் வரும்போது கட்டுவோம் என்று சொல்லிக் கட்டியவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

டாப்-அப், அதாவது அதே வீட்டின் மேல் கூடுதல் கடன், வேண்டுமா என்றும் கேட்டார்கள். வீட்டின் மதிப்பு 52 லட்சம் என்று வந்திருந்தது. 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையுள்ள கடனுக்கு மதிப்பில் 80 சதவீதம் வரை தரலாம் என்பது விதி. பத்து லட்சம் தாராளமாகக் கிடைக்கும். வேண்டாம் என்றுவிட்டோம். கடனோடு சேர்த்து விற்கப் பார்த்த காப்பீட்டையும் வேண்டாம் என்றோம்.

செலவு, பத்திரம்

வீடு மாறாவிட்டாலும் அடமானம் மாறுகிறது. அதனால் எம்ஓடி, அதாவது பத்திரத்தை அடமானமாக ஒப்படைத்ததைக் காட்டும் ஆவணம், புதிதாகப் பதிய வேண்டும். தமிழ்நாட்டில் முத்திரைத் தீர்வை கடன் தொகையில் அரை சதவீதம், 15,370 ரூபாய். பதிவுக் கட்டணம் 6,000. வங்கியின் பிராசஸிங் கட்டணம் வரியோடு 11,800. வக்கீல் கருத்தும் மதிப்பீடும் 9,000. பத்திர எழுத்தர், பழைய எம்ஓடியை முடிக்கும் ரசீது ஆவணம், போக்குவரத்து எல்லாம் 4,500. மொத்தம் 46,670. ஆரம்பத்தில் மாதத்துக்கு ஆறாயிரத்துச் சொச்சம் வட்டி குறைவதால் எட்டு மாதத்தில் செலவு திரும்பிவிடும். பத்து லட்சம் பாக்கி, நான்கு வருடம் மீதி என்றிருக்கும் ஒருவர் கால் சதவீதத்துக்காக இந்த அலைச்சலில் இறங்கினால் நான் தடுப்பேன்.

ஆளுக்குத் தகுதி வந்த பிறகு வீட்டுக்குத் தகுதி பார்த்தார்கள். வங்கி வக்கீல் தாய்ப்பத்திரங்களைப் புரட்டி, 1987 கிரயத்தில் நிலத்துக்காரரின் ஒரு மகள் கையெழுத்துப் போடவில்லை என்று நிறுத்திவிட்டார். 2018-இல் பில்டர் மூலமாகப் போனபோது யாரும் இதைக் கேட்டதில்லை. வில்லங்கச் சான்றை வரி வரியாகப் பார்த்ததில், அந்த மகள் 1994-இல் தன் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தது பதிவாகியிருந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் எடுத்துக் கொடுத்தோம். இரண்டு வாரம் போனது. அந்தப் பத்திரம் இல்லாமல் போயிருந்தால் 756 ஸ்கோரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்திருக்க முடியாது.

இன்னொரு சிக்கல் உண்டு. அசல் பத்திரம் பழைய நிறுவனத்தில் இருக்கும். புது வங்கி பணத்தைக் கொடுத்தால்தான் அது வெளியே வரும். அதுவரை புது வங்கியின் பணம் பிடிமானம் இல்லாமல் நிற்கும். அதனால் பழைய நிறுவனத்திடமிருந்து இன்னின்ன ஆவணம் எங்களிடம் இருக்கிறது என்ற பட்டியலையும், கடனை முடிக்கும் தொகைக்கான கடிதத்தையும் முதலில் வாங்கித் தர வேண்டும். பணம் கட்டி முடித்த 30 நாளுக்குள் பத்திரத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும், தவறு அவர்களுடையதாக இருந்தால் தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 5,000 ரூபாய் தர வேண்டும் என்று 2023 டிசம்பர் முதல் ரிசர்வ் வங்கி விதி இருக்கிறது. ஜூலை கடைசியில் டிடி போனது. 19-ஆம் நாள் பத்திரம் வந்தது.

பழைய இடத்திலிருந்து ஒரு போன்

கடனை முடிக்கும் கடிதம் கேட்ட மறுநாளே அந்த நிறுவனத்திலிருந்து ஒரு பெண் தம்பியை அழைத்தார். அத்தனை வருடத்தில் முதல் முறை. வட்டியை 10.10-இலிருந்து 8.60 ஆகக் குறைத்துத் தருகிறோம், பாக்கியில் அரை சதவீதமும் வரியும் கட்டினால் போதும் என்றார். 18,137 ரூபாய். வேறு எந்தத் தாளும் வேண்டாம்.

இதை லேசாகத் தள்ளிவிட முடியாது. 8.60-இல் அதே தவணை கட்டினால் 165 மாதம். வங்கியின் 152-ஐ விட 13 மாதம் அதிகம், ஆனால் செலவு 28,500 குறைவு, அலைச்சல் துளியும் இல்லை. எங்களை வங்கியின் பக்கம் தள்ளியது 0.85 வித்தியாசம் மட்டும் அல்ல. நாளைக்கு ரெப்போ இறங்கினால் இந்த 8.60 இறங்குமா என்பதற்குக் கடந்த ஏழு வருடம் பதில் சொல்லியிருந்தது. வங்கியில் 2.25 கூட்டல் எழுத்தில் இருக்கிறது. ரெப்போ ஏறினால் அதுவும் ஏறும், அது வேறு. 2025 டிசம்பர் 5-ஆம் தேதி ரெப்போ 5.25 ஆனபோது, அடுத்து வட்டி மாற்றும் நாளில் தம்பியின் வட்டி 7.50 ஆனது. அவன் ஒன்றும் எழுதிக் கேட்கவில்லை. கடைசி மூன்று தவணை கழன்று விழுந்தது.

கடைசியாகப் பழைய இடத்தில் கட்டிய தவணையில் அசலுக்குப் போனது 5,892. புது இடத்தில் கிட்டத்தட்ட அதே தொகையைக் கட்டிய முதல் மாதம் 11,956.

அந்தக் கட்டடத்தில் பில்டர் மூலமாக அதே நிறுவனத்தில் கடன் எடுத்தவர்கள் இன்னும் பலர். தம்பி கதை சங்கக் கூட்டத்தில் பரவியதும் நான்கு பேர் என்னிடம் தாளோடு வந்தார்கள். இரண்டு பேருக்கு வங்கி சரியாக வந்தது. ஒருவருக்கு மீதி மூன்று வருடம்தான், விட்டுவிடச் சொன்னேன். நான்காமவர் மூன்றாவது மாடியில் இருப்பவர், பள்ளிக்குப் பக்கத்தில் ஸ்டேஷனரிக் கடை வைத்திருக்கிறார். வியாபாரம் நன்றாக ஓடுகிறது, ஆனால் வருமான வரித் தாக்கலில் காட்டியிருப்பது கொஞ்சம். எந்த வங்கிக்குப் போனாலும் அவருக்குத் தகுதி வராது, அது அவருக்கே தெரிந்திருந்தது. அவரைப் பழைய நிறுவனத்தின் கிளைக்கே போகச் சொன்னேன். வட்டியைக் குறைக்கக் கேட்டு ஒரு கடிதம், கூடவே தம்பிக்குத் தந்த 8.60-ஐச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு 24 லட்சம் பாக்கி. 14,160 ரூபாய் கட்டினார். அடுத்த மாதம் முதல் 8.60. விண்ணப்பம் ஒரே பக்கம், வருமானத்தைப் பற்றி அதில் ஒரு கேள்வியும் இல்லை என்று போட்டோ எடுத்து அனுப்பியிருந்தார்.